பெயர் வெட்டிய சைலன்சர்

ஞாயிற்றுக்கிழமை காலை மருந்துப் பெட்டிகளைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். டாக்டரின் ஜீப் சித்திரை வீதி முனையில் திரும்புகிற நேரம். ஜீப் வரவில்லை, போன் வந்தது. துபாயிலிருந்து அவருடைய மகன் யூசுப். குரல் சரியாக இல்லை. நான் முதலில் கேட்டது, "என்னப்பா, வண்டி மறுபடியும் படுத்துடுச்சா?" என்றுதான். "அம்மா மௌத்தாயிட்டாங்க அங்கிள். தூக்கத்துலயே" என்றான். நான் மருந்துப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் மெஹருன்னிசாவை உங்களில் பலருக்குப் பாலக்கரை கிளினிக்கில் தெரிந்திருக்கும். பிள்ளை பெற்றவர்களுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். பிரசவ நேரத்தில் அவரிடம் திட்டு வாங்காதவர்கள் நம் ஊரில் குறைவு. நான் ஸ்ரீரங்கத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவன். எனக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் ஜீப்பின் முன்சீட்டில்தான். ஞாயிறுதோறும் கொள்ளிடம் தாண்டி, துறையூர் வழியாகப் பச்சைமலை மேலே காட்டுமேடு என்கிற சின்ன ஊருக்குப் போவோம். அவர் பார்ப்பார், நான் மருந்து எடுத்துக் கொடுப்பேன். வண்டியை அவர்தான் ஓட்டுவார். மலைவளைவில் நான் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, "சாமி, உங்க பெருமாளைக் கூப்பிடறதா இருந்தா எனக்கும் சேர்த்துக் கூப்பிடுங்க" என்பார். பழகிய நாளிலிருந்து அவருக்கு நான் சாமி, எனக்கு அவர் டாக்டர்.

அந்த ஜீப்பின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய டீசல் ஜீப். ஓடையில் இறங்கும், பாறையில் ஏறும், எல்லாம் செய்யும். ஆனால் சைலன்சர் மட்டும் தங்காது. தண்ணீரிலும் சேற்றிலும் போய்ப்போய்த் துருப்பிடித்து ஓட்டை விழும். ஒட்டுப் போடுவோம். அடுத்த மழையில் ஒட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை. கடைசியில் ஒட்டுகள்தான் மிச்சம் இருந்தன, சைலன்சரைக் காணோம். அது போடுகிற சத்தம் அடிவாரத்தில் கிளம்பும்போதே மேலே கேட்கும். காட்டுமேட்டு ஜனங்கள் அதைக் கேட்டுத்தான் புளியமரத்தடிக்கு வந்து சேருவார்கள்.

சத்தத்தை அவர் பொருட்படுத்தவில்லை. புகைதான் அவரைக் கலங்க வைத்தது. ஒரு ஞாயிறு, நிறைமாதமாக இருந்த பூங்கொடியைப் பின்னால் படுக்க வைத்து துறையூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தோம். பாதி வழியிலேயே அந்தப் பெண்ணுக்குத் தலைசுற்றல், வாந்தி. வண்டியை நிறுத்தி, இறக்கி, மரத்தடியில் உட்கார வைத்ததும் தெளிந்துவிட்டாள். டாக்டர் குனிந்து பார்த்தார். ஓட்டையிலிருந்து வந்த புகை முழுக்கப் பின்னால் படுதாவுக்குள் ஏறியிருந்தது. பூங்கொடிக்கு அன்று சாயங்காலம் நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. திரும்பி வரும்போது கொள்ளிடம் பாலத்தில் டாக்டர் சொன்னார்: "வைத்தியம் பாக்கறேன்னு கூட்டிட்டுப் போயி, நானே விஷத்தைக் குடுத்திருக்கேன். இனிமே இந்த சைலன்சரோட மலை ஏற மாட்டேன்."

யூசுப்புக்கு விஷயம் தெரிந்ததும் போனில் பிடித்துக்கொண்டான். அம்மா, உங்களுக்கே இதயம் சரியில்லை, வண்டியும் போய்விட்டது, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றான். பாவம், அவன் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். ஆனால் டாக்டர் அடுத்த வாரமே அரியமங்கலத்தில் ஒரு வண்டிச் சாமான் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார். "எவர்சில்வர் சைலன்சர் வேணும்" என்று கேட்டார். கடைக்காரர் ஒரு விநாடி விழித்தார், பிறகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

டாக்டர் கைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிற மாம்பழக் காந்தம். பாத்திரக் கடையில் குடம் வாங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் செய்கிற அதே சோதனை. ஒட்டினால் கலப்படம், ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர். மாம்பழம் போய் சைலன்சரில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான். இது வெறும் இரும்பு, மெருகு போட்டு ஏமாற்றுகிறீர்கள் என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி ஒரு பிடி பிடித்தார். இது அப்படித்தான்மா இருக்கும் என்று கடைக்காரர் சொன்னதை யார் கேட்டது? நானும் என் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்த்துவிட்டு, பின்னாலேயே விறைப்பாக வெளியே வந்தேன்.

மறுநாள் கிளினிக்கிலிருந்து போன். உடனே வரச் சொன்னார். போனால், மேஜையில் அவருடைய இடுக்கி, கத்தரிக்கோல் எல்லாம் பரப்பி வைத்திருந்தது. படித்து முடித்த காலத்தில் வாங்கிய கருவிகள். தினமும் கொதி நீராவியில் வெந்தும் ஒரு பொட்டுத் துரு இல்லை. மாம்பழக் காந்தத்தை இடுக்கியில் வைத்தார். ஒட்டியது. கத்தரிக்கோலில் வைத்தார். ஒட்டியது. பக்கத்திலிருந்த எவர்சில்வர் தட்டில் வைத்தார். வழுக்கி விழுந்தது. "ரெண்டுமே துருப்பிடிக்காத ஸ்டீல்தான் சாமி. ஒண்ணு காந்தத்துக்குப் பிடிக்கும், ஒண்ணு பிடிக்காது. ஆயுசு பூரா கையில வச்சிருந்தேன், ஒரு நாள் வச்சுப் பாக்கலையே" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. கிளம்புங்க என்றார்.

அரியமங்கலம் கடையில் அன்றைக்கும் கூட்டம். டாக்டர் கல்லாவுக்கு நேராகப் போய் நின்றார். "தம்பி, நேத்து நாலு பேர் முன்னாடி உங்களைத் தப்பா பேசிட்டேன். அதான் இன்னைக்கும் நாலு பேர் இருக்கும்போது வந்திருக்கேன். என்னை மன்னிக்கணும்." கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஐயோ, விடுங்கம்மா என்று நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். தவறு செய்யாத டாக்டர்களைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். நான் பார்த்த டாக்டர் இவர்தான், எனக்கு இவர் போதும்.

அதன் பிறகு தேர்வு ஒழுங்காக நடந்தது. கடைக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. காட்டுப் பாதையில் ஓட்டுகிறவர்கள் விரும்பிக் கேட்பது என்று ஒரு குழாயைக் காட்டினார். அதைப் போட்டால் வண்டி எப்படி உறுமும் என்று போனில் ஒரு வீடியோவும் போட்டுக் காட்டினார். சிங்கம் மாதிரி இருக்கும்மா என்றார். டாக்டர் பொறுமையாக முழுவதையும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பின்னாடி படுத்துக்கிட்டு வர்றது புள்ளைத்தாச்சி தம்பி. சத்தமே வரக்கூடாது, புகை உள்ள வரவே கூடாது" என்றார். கடைசியில் பெரிய வயிறு வைத்த, அமைதியான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். காந்தம் ஒட்டாத ரகமே வாங்கினார். தண்ணீரில் இறங்குகிற வண்டிக்கு அதுதான் நீடித்து உழைக்குமாம். குழாய் பாறையில் இடிக்காமல் வண்டியின் அடிச்சட்டத்தை ஒட்டி மேலே போக வேண்டும், வாய் படுதாவைத் தாண்டிப் பக்கவாட்டில் திரும்ப வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் படம் போட்டே காட்டிவிட்டார்.

நான்தான் முணுமுணுத்தேன். கிழட்டு வண்டிக்கு எதற்கு இவ்வளவு, இரும்பிலேயே ஒன்று போட்டால் போதாதா என்றேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நான் இருக்கற வரைக்கும் இரும்பே தாங்கும் சாமி. அதனாலதான் வேணாங்கறேன்."

அவருடைய இதயத்தின் நிலவரம் எனக்குத் தெரியும். அவருக்கான மாத்திரைகளை எடுத்துக் கொடுத்ததே நான்தான். ஆனாலும் அந்த நேரத்தில் கடையில் தொங்கிய டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாட்டுவதற்கு முன்னால் இன்னொரு கூத்து நடந்தது. சைலன்சரைப் பெரிய கடைவீதியில் அவர் வழக்கமாகப் போகிற பாத்திரக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். எவர்சில்வர் வாங்கினால் பேர் வெட்டாமல் எப்படி? பேர் வெட்டுகிறவர் அண்டாவில் வெட்டியிருக்கிறார், டிபன் பாக்ஸில் வெட்டியிருக்கிறார், இந்த மாதிரி சாமானைப் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே, உங்க பேரா, இல்லை அன்பளிப்புன்னு போடணுமா என்று கேட்டார். இரண்டும் வேண்டாம், காட்டுமேடு என்று மட்டும் போடுங்கள் என்றார் டாக்டர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேர் எதுக்கு வெட்டறோம்? இரவல் போன பாத்திரம் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகணும்னு தெரியறதுக்குத்தானே" என்றார்.

புது சைலன்சரோடு முதன்முதலாக மலை ஏறிய ஞாயிறை மறக்க முடியாது. வண்டி அப்படியொரு சாதுவாகப் போயிற்று. டாக்டர் பெருமையாக ஒவ்வொரு வளைவிலும் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேலே போனால் புளியமரத்தடியில் ஒரு ஆள் இல்லை. ஓட்டைச் சத்தத்துக்குப் பழகியவர்களுக்கு வண்டி வந்ததே தெரியவில்லை! சைலன்சர் என்ற பேருக்கு இப்பத்தான் அர்த்தம் வந்திருக்கு என்று நான் கிண்டல் செய்தேன். அன்றிலிருந்து கடைசி வளைவில் ஹார்னை ஒரு இழு இழுத்து, விட்டு, இன்னும் நீளமாக ஒரு இழு இழுப்பார். அதுதான் காட்டுமேட்டுக்கு டாக்டரம்மா வந்த அடையாளம்.

அடக்கம் முடிந்த சில நாளில் யூசுப் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டான். வண்டியை விற்றுவிடலாம் அங்கிள், துபாயில் இருந்துகொண்டு நான் என்ன செய்வேன் என்றான். அவன் அம்மாவிடம் பயிற்சி எடுத்த இளம் டாக்டர் நித்யா, வண்டி இருந்தால் ஞாயிறுகளில் நான் வருகிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். வேறெந்த வண்டியும் அந்தப் பாதையில் ஏறாது. ஜீப் போனால் காட்டுமேட்டுக்கு எல்லாமே போச்சு. ஆனால் தாயைப் பறிகொடுத்த பிள்ளையிடம் நான் எந்த உரிமையில் வாதாடுவது? விற்பதற்கு முன்னால் அடியில் ஒரு தடவை பார்த்துவிடு என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளைச் சட்டையோடு அப்படியே தரையில் படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தான். காய்ந்த சேற்றை அவன் கையால் தேய்க்கிற ஓசை கேட்டது. சூட்டில் பழுப்பேறியிருந்தாலும் எழுத்து அழியவில்லை போலிருக்கிறது. ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அங்கிருந்தபடியே, "எங்க வீட்டு டிபன் பாக்ஸ்ல எல்லாம் என் பேருதான் வெட்டி வச்சிருப்பாங்க அங்கிள்" என்றான். எழுந்து வந்து, முதுகில் மண்ணோடு, சாவியை என் கையில் வைத்தான். "இது காட்டுமேட்டுக்காரங்க சாமான். நீங்களே கொண்டு போய்ச் சேர்த்துடுங்க."

போன ஞாயிறு டாக்டர் நித்யாவும் நானும் போனோம். நான்தான் ஓட்டினேன். பெருமாளை இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே கூப்பிட்டேன். வளைவுகளைக் கடந்த பதற்றத்தில் ஹார்ன் அடிக்க மறந்துவிட்டேன். புளியமரத்தடியில் யாரும் இல்லை. பிறகு ஞாபகம் வந்து, அவர் அடிப்பது போலவே ஒரு இழு, விட்டு, இன்னும் நீளமாக ஒரு இழு.

கதவுகள் திறந்தன. எல்லோரையும் முந்திக்கொண்டு பூங்கொடி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஓட்டுகிற இடத்தில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அடக்கத்துக்குத் திருச்சி வரை வந்து அழுதுவிட்டுப் போனவள்தான் அவள்.

"சத்தம் கேட்டதும் ஒரு நிமிசம் மறந்துட்டேங்க சாமி" என்றாள்.

அந்த மாம்பழக் காந்தம் இப்போது என் கடையில் ஊசி மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. ஜீப் என்னுடையது அல்ல, நான் வைத்துக்கொள்ள முடியாது. அந்தக் காந்தம் போக டாக்டரிடமிருந்து எனக்கென்று வந்தது ஹார்ன் அடிக்கிற அந்த விதம் ஒன்றுதான். அப்படி அடிக்கும்போது எனக்கும் ஒரு நிமிஷம் மறந்துதான் போகிறது.