சீட்டுக்காசை முந்திக் கட்டியவர்

மெல்பேர்னில், திவாலானவர்களின் சொத்தையும் கடனையும் பொறுப்பெடுத்துப் பார்க்கும் ட்ரஸ்டி அலுவலகம் ஒன்றில் ஓய்வு பெறும்வரை வேலை செய்தேன். தமிழ் பேசுகிறவர் யார் வந்தாலும் என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். எவர் என்ன சொன்னாலும் பாதியைத்தான் நம்புவேன். அழுதுகொண்டு சொன்னால் அந்தப் பாதியும் இல்லை.

சிவனேசன், நகரத்தின் மேற்குப் பக்கம் டார்னெய்ட்டில் கிளீனிங் கொன்ட்ராக்ட் எடுத்து நடத்தியவர். கொன்ட்ராக்ட் கைவிட்டுப் போனதும் கிரெடிட் கார்டில் குடும்பம் நடத்தியிருக்கிறார். அது வழக்கமான கதைதான். எனக்கு உறுத்தியது வேறு. ஒழுங்காகக் கட்டிக் கட்டியே கார்டுகளின் லிமிட்டை ஏற்றியிருந்தார். பேங்க்ரப்ட்சிக்கு, அதாவது திவாலுக்கு, விண்ணப்பிக்கும் முன்பு எல்லாவற்றிலும் கேஷ் அட்வான்ஸாக ரொக்கம் எடுத்து, ராசம்மா என்பவரின் கணக்குக்கு அனுப்பியிருந்தார். காசைச் சொந்தக்காரரிடம் ஒளித்துவிட்டுக் கையை விரிக்கிற ஆட்கள் எனக்குப் புதிதல்ல.

"ஆர் இந்த ராசம்மா?"

"சீட்டுப் பிடிக்கிற அன்ரி, அக்கா. நான் முதலே சீட்டை எடுத்திட்டன். பிறகு மாதக்காசு கட்டேலாமப் போச்சு. பாங்குக்காசு எண்டாப் பரவாயில்லை. சீட்டு சனத்தின்ர காசெல்லோ? கோயிலில ஆற்ற முகத்தில முழிக்கிறது?"

"லிமிட்டை ஏத்தி எடுக்கச் சொன்னது ஆர்?"

"தவராசா அண்ணை, கோயிலில பழக்கம். சட்டம் மாறப்போகுது, பேங்க்ரப்ட் அடிச்சாலும் ஒரு வருசத்தில வெளியில வந்திடலாம் எண்டவர். ஒரு சதமும் வாங்கேல்லை."

அப்படி ஒரு பேச்சு அடிபட்டது உண்மை. பேச்சோடு நின்றுவிட்டது. திவாலிலிருந்து வெளியே வர இன்றும் மூன்று வருடமும் ஒரு நாளும்தான். ஒரு சதமும் வாங்காமல் இவ்வளவு சட்டம் சொல்லிக்கொடுத்த அந்தத் தவராசா யார் என்று யோசித்தேன். சோழியன் குடுமி சும்மா ஆடாது.

ராசம்மாவைக் கூப்பிட்டேன். முதியோர் இல்லத்து வேலை உடுப்போடேயே வந்தார். திவாலாகப் போகிறவர் கடன் கொடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் முந்திக் கட்டினால், ட்ரஸ்டி அதை வாங்கியவரிடமிருந்து திரும்பக் கேட்கலாம். கட்டியவர் நொடித்துப் போனது தெரியாமல் வாங்கியிருந்தால் தப்ப வழியுண்டு. தெரியாது என்றுதான் இவரும் சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

"சிவனேசன் நொடிஞ்சது உங்களுக்குத் தெரியுமோ அன்ரி?"

"ஓம் பிள்ளை, வடிவாத் தெரியும். பேங்க்ரப்ட் அடிக்கப் போறான், அதுக்கு முதல் கேட்டு வாங்குங்கோ எண்டு தவராசா தம்பிதான் சொன்னவர்."

தப்பும் வழியைத் தன் வாயாலேயே அடைத்துவிட்டார்.

"காசு இப்ப எங்க?"

"அண்டைக்கே தவராசா தம்பிக்குக் குடுத்திட்டன். அந்த மாதச் சீட்டு அவருக்கெல்லோ. இவன் கட்டாததால அவற்ற காசுதான் குறைஞ்சு நிண்டது."

தவராசாவுக்குப் போன் எடுத்தேன். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. "எனக்குத் தரவேண்டியதை அன்ரி தந்தவ. சிவனேசன்ர காசை வாங்கினதும் அவதான். அவவிட்டக் கேளுங்கோ." எங்கள் அலுவலக வக்கீலும் அதையே சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ராசம்மா தன் சம்பளத்தில் தவணை முறையில் கட்ட ஒப்புக்கொண்டார். சிவனேசனின் கடனை அடைக்க அவரே கடன்காரியானார். கையெழுத்துப் போட்டுவிட்டு எழும்பும்போது சொன்னார்:

"இதைக் கட்ட வேணுமே பிள்ளை, புதுச் சீட்டு ஒண்டு தொடங்கிறன். முதல் ஆளா தவராசா தம்பிதான் பேர் தந்தவர்."

அலுவலகத்தில் இருந்துகொண்டு சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன். "அந்தப் பேரை வெட்டுங்கோ அன்ரி."

"ஏன் பிள்ளை? ஒழுங்காக் கட்டிற மனிசன்."

ஒழுங்காகக் கட்டுகிறார் என்றுதான் பாங்கும் சிவனேசனுக்கு லிமிட்டை ஏற்றியது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: காசு யார் பேரில் போனது என்பதோடு நின்றுவிடாதீர்கள். கடைசியில் யார் கையில் போய் நின்றது என்று பாருங்கள். அந்த ஆள் ஒரு இடத்திலும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.