பெயர் ஒட்டாத டப்பா

பானுப்ரியாவுக்குப் பதின்மூன்று வயதில் முகத்தில் எண்ணெய் வடிய ஆரம்பித்தது. அப்போது வடமதுரையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். காலையில் பிரார்த்தனைக்கு வெயிலில் நிற்கும்போதே நெற்றியும் மூக்கும் பளபளக்கும். பின்னால் நிற்பவள் "வடச்சட்டி" என்று மெதுவாகச் சொல்வாள், வரிசையே சிரிக்கும். வீட்டுக்கு வந்ததும் துணிக்குப் போடும் சோப்பை எடுத்து முகத்தில் தேய்ப்பாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. தோல் இழுத்துப் பிடிக்கும். அரை மணி நேரம் நிம்மதி. அப்புறம் முன்னைவிட அதிகமாகக் கசியும். கன்னம் முழுக்கப் பருவோடுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள்.

திண்டுக்கல்லில் காய்கறி வேன் ஓட்டும் மோகன்குமாருக்குக் கட்டிக் கொடுத்தபின், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அழகுக்கலைப் பயிற்சியில் சேர்ந்தாள். முகத்தைத் தேய்க்கத் தேய்க்க எண்ணெய் கூடும் என்பதை அங்கேதான் முதல் தடவையாகக் கேட்டாள். சோப்பை விட்டாள். இரண்டு வேளை மட்டும் கழுவினாள். நாலைந்து மாதத்தில் தன் முகம் தணிந்ததைக் கண்ணாடியில் பார்த்தபோது, பள்ளிக்கூடத்தில் வீணாய்ப் போன வருடங்களை நினைத்து அழுதாள்.

நாகல் நகர் பக்கம் வாடகை வீட்டின் முன்னறையில் பார்லர் வைத்தாள். ஒரு கண்ணாடி, இரண்டு நாற்காலி, ஆவி பிடிக்க ஒரு மெஷின். புருவம் திருத்த எல்லாரும் வந்தார்கள். ஆனால் எண்ணெய் முகக்காரப் பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவர்களை அவள் அவசரப்படுத்தமாட்டாள், கேலியும் செய்யமாட்டாள்.

அப்படி வந்தவள்தான் முஹ்சினா. பதினைந்து வயதில், பேகம்பூரிலிருந்து அவள் அம்மா சர்புன்னிசா கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். அப்பாவுக்கு ஆட்டுத்தோல் மண்டியில் வேலை. முகத்திரையை விலக்கியதும் பானுப்ரியா கண்டது தன்னுடைய பழைய முகத்தைத்தான்.

"பாப்பா, ரெண்டு வேளை கழுவு, அதுக்கு மேல வேணாம். எண்ணெ வருதேன்னு தேச்சுக்கிட்டே இருந்தா அது கோவிச்சுக்கிட்டு இன்னும் வரும்" என்றாள். "நகம் படக்கூடாது. தலையணை உறைய அடிக்கடி மாத்து. தலைக்கு எண்ணெ வச்சா நெத்தியில இறங்காமப் பாத்துக்க."

"இம்புட்டுத்தானா?" என்றாள் சர்புன்னிசா.

"இம்புட்டுத்தான்க்கா. ஆனா நாளாகும்."

நாளானது. முஹ்சினா மாதம் ஒரு சனிக்கிழமை வருவாள். போனில் பார்த்த வைத்தியங்களை எல்லாம் காட்டுவாள். எலுமிச்சை, பற்பசை, சமையல் சோடா. "கருமம், அத மூஞ்சில வச்சிராத" என்று பானுப்ரியா சொல்ல, அவள் வேண்டுமென்றே அடுத்ததைக் காட்டுவாள். கூடும், குறையும், பரீட்சை வந்தால் மறுபடி கூடும். ஐந்து வருடத்தில் முக்கால்வாசி அடங்கியிருந்தது. மீதிக் கால்வாசி இரண்டு கன்னத்திலும் தாடையிலும் நின்றது.

பி.காம். கடைசி வருடம் படிக்கும்போது கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை அப்பாஸ், வத்தலக்குண்டு, துபாயில் வேலை. நிக்காஹ்வுக்காக அவன் லீவில் வர நாற்பது நாள் இருந்தது.

"பானு, நாப்பது நாள்ல இது மூஞ்சி தெளியணும்" என்றாள் சர்புன்னிசா. "பொண்ணு பாக்க வந்தன்னிக்கே மாமியாக்காரி இவ கன்னத்தயே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"நாலு மாசம் குடுத்தீங்கன்னா சரியாக்கிருவேன்க்கா. இல்லாட்டி தோல் டாக்டர்ட்ட ஒருதடவ காட்டுவோம்."

"டாக்டர்ட்ட போறது மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா, பொண்ணுக்கு என்னமோ சீக்குன்னு சொல்லிருவாங்க. ஒன்னால ஏலலன்னா சொல்லு. மெயின் ரோட்டுல புதுசா ஏசி பார்லர் தொறந்திருக்கு. பத்து நாள்ல பளிச்சுன்னு ஆக்குறாங்களாம்."

சர்புன்னிசா கோபமாகச் சொல்லவில்லை. அம்மாக்காரிக்குரிய பதற்றத்தில் சொன்னாள். ஆனால் அந்த வருடம் பானுப்ரியாவின் நாற்காலிகள் பாதி நாள் காலியாகக் கிடந்தன. வழக்கமாக வருகிற பெண்கள் அந்த ஏசி பார்லரின் பையோடு அவள் வாசலைக் கடந்து போவதைப் பார்த்திருந்தாள். முஹ்சினாவும் போய்விடுவாள் என்ற நினைப்பை அவளால் தாங்க முடியவில்லை.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு வெள்ளை டப்பா இருந்தது. பார்லர்களுக்கு மெழுகும் புருவம் எடுக்கிற நூலும் கொண்டுவந்து விற்கிற ஆள் இரண்டு மாதத்துக்கு முன் தந்தது. மேலே பெயர் இல்லை, உள்ளே என்ன என்ற விவரமும் இல்லை. "எல்லாப் பார்லர்லயும் இதான் ஓடுது மேடம். என்ன கலந்திருக்குன்னு கேக்காதீங்க, ரிசல்ட்டப் பாருங்க" என்றிருந்தான். அவள் அதை எடுத்துத் தன் கன்னத்தில் ஐந்து நாள் பூசிப் பார்த்தாள். எரியவில்லை. எண்ணெய்கூட வற்றியிருந்தது. ஆறாம் நாள் ஒரு சின்னக் குப்பியில் வழித்துப் போட்டு முஹ்சினாவிடம் கொடுத்தாள்.

"படுக்கும்போது மட்டும், மெல்லிசா. பத்து நாளு. அப்பறம் நிறுத்திரணும்."

நான்காம் நாளே பருக்கள் அமுங்கின. பத்தாம் நாள் முஹ்சினாவின் முகம் உரித்த முட்டைபோல வழுவழுவென்று இருந்தது. குப்பி விஷயம் தெரியாத சர்புன்னிசா, பானுப்ரியாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நிக்காஹ் அன்று மண்டபத்தில் பெண்கள் சூழ்ந்துகொண்டு எந்தப் பார்லர் என்று கேட்டார்கள். அடுத்த வாரத்தில் புதிதாக எட்டுப் பேர் வந்தார்கள். அந்த ஆளிடம் இன்னும் டப்பா வாங்கி எட்டுப் பேருக்கும் அந்த க்ரீமைக் கொடுத்தாள். பதினைந்து வருடத் தொழிலில் அப்படி ஒரு பெருமை அவளுக்குக் கிடைத்ததில்லை.

வத்தலக்குண்டிலிருந்து ஒரு மாதத்தில் போன் வந்தது.

"பானுக்கா, நிறுத்துனா மூணாம் நாளே லேசா வருது. இன்னொன்னு குடுத்து விடுங்க."

"வேணாம் பாப்பா. போதும்."

"அவரு லீவு முடியற வரைக்கும் மட்டும்க்கா."

கொடுத்துவிட்டாள். அப்பாஸ் துபாய் போனபின்பும் போன் வந்தது. வீடியோ காலில் எல்லாம் தெரிகிறதாம். மூன்றாவது, நான்காவது குப்பியும் போயின. தெரியாமல் கொடுத்தாள் என்று சொல்வதற்கில்லை. நிறுத்தினால் திரும்ப வருகிறதென்றால் அது குணமாக்கவில்லை, அமுக்கி வைத்திருக்கிறது. இதை ஒரு கஸ்டமர் சொல்லியிருந்தால் பானுப்ரியா அந்த நிமிடமே குப்பியைப் பிடுங்கி எறிந்திருப்பாள். தான் கொடுத்தது என்பதால் அந்த எண்ணத்தை வளரவிடவில்லை.

ஆறாவது மாதம் அந்த விற்பனைக்காரன் வரவில்லை. அவன் போனும் அணைந்து கிடந்தது. க்ரீம் தீர்ந்தது.

ஒரு வாரத்தில் முஹ்சினாவின் முகம் சிவந்து வீங்கியது. அமுங்கிக் கிடந்த பருக்களெல்லாம் சீழ் கட்டி எழும்பின. வெயில் பட்டால் எரிந்தது, அடுப்படியில் நின்றால் எரிந்தது, தண்ணீர் பட்டாலும் எரிந்தது. மாமியார் இரண்டு வாரம் பார்த்தார். பிறகு, "மூஞ்சி சரியானதும் அனுப்பி வைங்க" என்று சொல்லிப் பேகம்பூரில் கொண்டுவந்து விட்டுப் போனார்.

சர்புன்னிசா உடனே பானுப்ரியாவைக் கூப்பிட்டாள். "டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன். நீயும் வா பானு. இவ மூஞ்சிய ஒனக்குத்தான் நல்லாத் தெரியும்."

தோல் டாக்டர் ஒரு பெண். முஹ்சினாவின் கன்னத்தை விளக்கைப் போட்டுப் பார்த்தார். தோல் காகிதமாக மெலிந்து, உள்ளே நூல் நூலாக ரத்தக் குழாய்கள் தெரிந்தன.

"ஸ்டீராய்டு க்ரீம் போட்டிருக்கீங்க. எத்தன மாசமா?"

"ஆறு மாசம்" என்றாள் முஹ்சினா.

"யாரு குடுத்தது?"

முஹ்சினா தலையைத் திருப்பி, சுவர் ஓரம் நின்ற பானுப்ரியாவை ஒரு தடவை பார்த்தாள்.

"நானேதான் கடையில வாங்குனேன்."

சர்புன்னிசா மகளை முறைத்தாள். டாக்டர், இனி அதைத் தொடவே கூடாது, முதல் இரண்டு மூன்று மாதம் இதைவிட மோசமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பானுப்ரியா சுவரோடு நின்றாள். வாயைத் திறக்க அவளுக்கு அப்போது இடம் இருந்தது. திறக்கவில்லை.

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். வழி முழுக்க சர்புன்னிசா மகளை வைதாள். "ஒன்னய யாருடி கடையில வாங்கச் சொன்னா? அஞ்சு வருசமா இந்தப் பொம்பள பாத்துப் பாத்துச் செஞ்சுச்சே, அதுட்ட ஒரு வார்த்த கேட்டியா? கேட்டியாடி?" முஹ்சினா முகத்திரைக்குள் தலை குனிந்திருந்தாள். பானுப்ரியா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "விடுங்கக்கா" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள்.

எட்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மோகன்குமார் கேட்டதற்கு உடம்பு சரியில்லை என்றாள். சொன்னால் யார் வருவார்கள், இருக்கிற நாற்காலியும் காலியாகிவிடும், அந்தப் பெண்ணே மறைத்துவிட்டபோது நாம் ஏன் கிளற வேண்டும் என்றெல்லாம் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் முஹ்சினாவுக்குப் போன் போட்டாள்.

"ஏன் பாப்பா அப்புடிச் சொன்ன?"



"அந்நேரத்துக்கு அப்புடி வந்துருச்சுக்கா. ஆட்டோவுல நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

போனை வைத்துவிட்டு அப்படியே பேகம்பூர் போனாள். சர்புன்னிசா முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பானுப்ரியா உட்காராமலே சொன்னாள். டப்பாவைப் பற்றி, குப்பிகளைப் பற்றி, டாக்டரிடம் வாய் திறக்காமல் நின்றதைப் பற்றி, எல்லாவற்றையும். சர்புன்னிசாவின் கை கீரையில் நின்றது. கத்துவாள், அடிப்பாள் என்று பானுப்ரியா காத்திருந்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒம்பது நாளா எம்புள்ளய வஞ்சுக்கிட்டு இருக்கேன் பானு" என்றாள் சர்புன்னிசா. "முந்தாநாளு கைய ஓங்கிட்டேன். மூஞ்சியில அடிக்க எடமில்லன்னு முதுகுல போட்டேன்."

பானுப்ரியா அழுதுகொண்டே கீழே உட்காரப் போனாள்.

"ஒக்காராத. போயிரு."

முஹ்சினா உள் அறையின் கதவோரம் நின்றிருந்தாள்.

பானுப்ரியா வீட்டுக்கு வந்து அந்த எட்டுப் பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தாள். க்ரீமை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள் என்றாள். இரண்டு பேர் கேட்கக் கூடாத வார்த்தைகளில் திட்டினார்கள். மூன்று பேர் போனை எடுக்கவில்லை. ஒருத்தி, "அப்ப ஒங்ககிட்ட மிச்சம் எதும் இருக்கா?" என்று கேட்டாள். சர்புன்னிசா யாரிடமும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. இருந்தும் இரண்டு மாதத்தில் பார்லருக்கு வருகிறவர்கள் நின்றார்கள். வந்தாலும் பானுப்ரியாவுக்கு இன்னொருத்தியின் முகத்தில் கை வைக்க முடியவில்லை. போர்டைக் கழற்றினாள். ஆவி மெஷினை மோகன்குமார் யாருக்கோ கொடுத்துவிட்டான். அவள் வடமதுரை ரோட்டில் இருக்கிற ஒரு நூல் மில்லுக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் மில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். நூலைக் கோனில் சுற்றும் இடத்தில் நிற்க வேண்டும். மெஷின் சத்தத்தில் யாரோடும் பேச வேண்டியதில்லை. அது அவளுக்கு ஒத்துப்போனது.

முஹ்சினாவின் முகம் டாக்டர் சொன்னபடியே முதலில் இன்னும் கெட்டு, பிறகு மெல்ல ஆறியது. சீழ் வற்ற ஐந்து மாதம் ஆனது. கன்னங்களில் கருமையும், மூக்கோரம் மெல்லிய சிவப்புக் கோடுகளும் தங்கிவிட்டன. கோடுகள் முழுக்கப் போகும் என்று டாக்டரால் உறுதி சொல்ல முடியவில்லை. அப்பாஸ் வீடியோ காலில் கேமராவை அணைத்துவிட்டுப் பேசச் சொன்னான் என்றும், பிறகு பேசுவதே குறைந்துவிட்டது என்றும் மில்லில் வேலை பார்க்கும் பேகம்பூர்ப் பெண் ஷப்னம் சொல்லித்தான் பானுப்ரியாவுக்குத் தெரியும். ஜமாத்தில் இரண்டு தடவை பேசிய பிறகு, பேகம்பூர் வந்த பதினோராவது மாதம் மாமியார் வீட்டில் முஹ்சினாவை வரச் சொன்னார்கள். அவன் லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்களாம். என்ன பார்த்துக்கொள்வது என்று யாரும் விளக்கவில்லை.

அவள் கிளம்பிய நாளில் பானுப்ரியா தற்செயலாக அவர்களைப் பார்த்தாள். மில்லில் பகல் ஷிப்ட் முடிந்து வேன் பஸ் ஸ்டாண்டு ஓரம் இறக்கிவிட்டிருந்தது. வத்தலக்குண்டு பஸ் நிற்கும் இடத்தில் சர்புன்னிசா ஒரு பெட்டியோடு நின்றாள், பக்கத்தில் முஹ்சினா. கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அந்தக் கண்கள் பானுப்ரியாவைக் கண்டுகொண்டன. முஹ்சினா இடுப்பளவில் கையை லேசாகத் தூக்கினாள். சர்புன்னிசாவும் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் பெட்டியை வேறு கைக்கு மாற்றிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். நடுவில் பத்தடி தூரம்கூட இருக்காது. பானுப்ரியாவால் அந்தப் பத்தடியை நடக்க முடியவில்லை. பஸ் வந்தது, ஏறினார்கள், போனார்கள்.

வீட்டுக்கு வந்து உலை வைத்துக்கொண்டிருக்கும்போது போனில் செய்தி வந்தது. "ரொம்ப மெலிஞ்சு போய்ட்டீங்க பானுக்கா. ஒழுங்கா சாப்டுங்க." முஹ்சினாதான். பானுப்ரியா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதத் தொடங்கினாள். நாலு வார்த்தை அடித்து அழித்தாள். மறுபடி அடித்தாள், மறுபடி அழித்தாள். உலை பொங்கி அடுப்பு அணைந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனாள்.