அத்தான் தனக்கு எழுதிய கல்வெட்டு

உடுவிலில் அக்கா வீட்டு முன்னறை மூலையில் ஒரு பழைய கொம்பியூட்டர் பெட்டி ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கிறது. அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளம் ஒன்றைப் போட்டு அதை வீட்டுச் சேவராக மாற்றியவன் நான்தான். கனடாவில் இருக்கும் என் மருமகள், அக்காவின் மகள், அனுப்புகிற படமும் வீடியோவும் எல்லாம் அதில்தான் வந்து சேர்கின்றன. வருகிறவர்கள் என்னைக் கெட்டிக்காரன் என்கிறார்கள். எனக்கென்றால் அந்தப் பெட்டியைக் கண்டாலே அலுப்பாக இருக்கிறது.

அது அத்தானின் பெட்டி. கந்தோரில் மேசை வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு அவர் ஊருக்கெல்லாம் கல்வெட்டு எழுதினார். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வோம். செத்தவீட்டில் அழுகை ஓய்ந்த பிறகு போவார். பிறந்த இடம், படித்த பள்ளிக்கூடம், பெற்ற பிள்ளைகள் எல்லாம் கேட்டுக் கொப்பியில் குறித்து வந்து, இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருப்பார். மனைவியைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பத்தி வைப்பார். மனிசியோடு முகம் கொடுத்துக் கதைக்காமலே செத்துப்போன ஆட்களின் பெண்சாதிமாருக்கும் அதில் நல்ல நாலு வரி கிடைக்கும்.

அச்செடுத்த தாளில் அக்கா பிழை திருத்திக் கொடுப்பாள். நான் கட்டாருக்குப் போவதற்கு முதல் ஒருநாள், என் முன்னாலேயே அவரிடம் கேட்டாள்.

"ஊரிலை உள்ள மனிசிமாருக்கெல்லாம் உருகி உருகி எழுதுறியள். எனக்கு என்ன எழுதுவியள்?"

"எழுதியாச்சு. என்ரை கல்வெட்டு உந்தப் பெட்டிக்குள்ளைதான் கிடக்கு. நான் போனாப்பிறகு வாசி."

"இப்ப காட்டினா என்னவாம்?"

"பிறகு உனக்குத் தலைக்கனம் வந்திடும்."

அக்கா சிரித்தாள். அத்தான் யாரையும் வாய்விட்டுப் பாராட்டாத மனிதர். கறி நன்றாக இருந்தால் பேசாமல் சோற்றுக் கோப்பையை மறுபடி நீட்டுவார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவரோடு அத்தனை வருடம் வாழ்ந்தவளுக்கு அந்த ஒரு பத்தி எவ்வளவு பெரிது என்று எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் அன்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

பன்னிரண்டு வருடம் கட்டாரில் சேவர் அறைகளில் கழித்துவிட்டுத் திரும்பியபோது, சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அத்தானின் கண்களைக் கொண்டுபோயிருந்தது. பெட்டியை ஒரு துணியால் மூடி வைத்திருந்தார்கள். "மாமா, அதைச் சும்மா விடாமல் எங்கடை படங்கள் போட்டுவைக்க ஏதாவது செய்து தாங்கோவன்" என்று மருமகள் கேட்டாள். கிழமை முழுக்க மோட்டார் சைக்கிளில் கந்தோர் கந்தோராக அலைந்து கொம்பியூட்டர் திருத்துகிற எனக்கு ஒரு சனிக்கிழமைதான் மிச்சம். அதையும் கொடுத்தேன்.

டிஸ்க்கைத் துடைத்துப் புது இயங்குதளம் போடுவதற்கு முன் அத்தானின் கோப்புகளில் மூன்றை என் லப்டொப்பில் திறந்து பார்க்கத்தான் செய்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. டிஸ்க் வேறு டிக் டிக் என்று சத்தம் போட்டது. எல்லாம் பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டினேன். டிஸ்க்கில் உள்ளது அனைத்தும் அழியும், தொடரவா என்று திரை கேட்டது. கொட்டாவி விட்டபடி ஓம் என்று அழுத்தினேன்.

பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்த அத்தான் கேட்டார், "தம்பி, என்ரை எழுத்துகள் எல்லாம் பத்திரமோ?"

"ஓம் அத்தான், எல்லாம் எடுத்து வைச்சிட்டன்."

கண் தெரியாத மனிதரிடம் உங்கள் எழுத்தெல்லாம் பழுதாகிவிட்டது என்று சொல்ல எனக்கு அன்று தெம்பு இருக்கவில்லை. பொய் சொல்வது சுகமாக இருந்தது, சொல்லிவிட்டேன்.

சில கிழமை கழித்து எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு கந்தோரில் பழைய கடிதம் ஒன்றைத் திறந்தேன். அதே குப்பை. அங்கே வேலை செய்யும் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ சேர், அது பாமினி எழுத்துரு, அது இல்லாத மெஷினிலை இப்பிடித்தான் தெரியும். மாத்திவிட்டாச் சரி" என்று ஒரு சொடுக்கில் மாற்றினாள். அவ்வளவும் நல்ல தமிழாக வந்து நின்றது. மட்டி, வடிகட்டின மட்டி! ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது சேவர் அறையில் கிடந்து வந்த எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கே உடுவிலுக்குப் போய் அழிந்ததை மீட்கப் பார்த்தேன். மருமகளின் கலியாண வீடியோ அவ்வளவுக்கும் மேலே ஏறியிருந்தது. ஒரு சொல்கூட வரவில்லை.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அத்தான் இருந்தார். நான் போகும்போதெல்லாம் பெட்டியின் மேல் கையை வைத்துச் சூடு பார்ப்பார். "உது ஓடுதோ?" என்பார். "ஓடுது அத்தான்" என்பேன். பிறகு பிறகு நான் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அவர் போய்ப் பத்தாம் நாள் அக்கா சொன்னாள், "உன்ரை அத்தான் எழுதி வைச்சதை எடுத்துத் தா. பிறெஸ்ஸுக்குக் குடுக்கவேணும்." அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? அவர் எழுதி அச்சான பழைய கல்வெட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவரைப் போலவே நான் எழுதினேன். அக்காவைப் பற்றிய பத்திக்கு மட்டும் இரண்டு நாள் எடுத்தது. அவளுடைய பொறுமை, கைமணம், அவளில்லாமல் தான் இல்லை என்பது வரை எழுதி, அவர் எழுதியதென்று நீட்டினேன்.

குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையடியில் பேனையோடு இருந்து வாசித்தாள். அந்தப் பத்தியை மட்டும் இரண்டு தரம் வாசித்தாள்.

"இது அவர் எழுதினதில்லை."

"ஏனக்கா?"

"இவ்வளவும் அவரின்ரை மனசிலை இருந்திருந்தா, நாற்பது வருசத்திலை ஒரு சொல்லாவது வாயிலை வந்திருக்குமடா."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப என்ன எழுதினவர் எண்டு இனி ஒருத்தருக்கும் தெரியாது."

"ஓமக்கா."

பேனையை எடுத்து அந்தப் பத்தியைக் குறுக்கே வெட்டினாள். "மற்றதெல்லாம் நீ எழுதினபடி போகட்டும். இந்த இடத்தை வெறுமையா விடு. அதிலை நீ எழுதாதை."

அப்படியேதான் அச்சாகி வந்தது. அந்தியேட்டியன்று சாப்பிட்டுவிட்டுக் கல்வெட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அத்தானின் கந்தோர்ச் சிநேகிதர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதிலை பாதிப் பக்கம் அச்சு விழேல்லை. பிறெஸ்காரன் பிழை விட்டிட்டான் போலை."

வாழைப்பழத் தட்டோடு நின்ற அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லை ஐயா, அவன் பிழை விடேல்லை" என்றேன். "அழிச்சது நான்."