துண்டின் முனை

பெரியம்மை பறிக்க வந்த இரண்டு கண்களில் ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டாள். பள்ளிப்பட்டில் தறி நெய்த புருஷன் போன பிறகு, மைத்துனர்கள் பூட்டி வைத்துக்கொண்ட சீர்ச் சாமான்களில் தன் பித்தளைச் சொம்பை மட்டும் சண்டை போட்டு மீட்டாள். கே.ஜி.கண்டிகையில், இனி எழுந்திருக்க மாட்டாள் என்று பாடைக்கு மூங்கில் வெட்டிப் போட்டுவிட்ட ஒரு கிழவியைக் கிணற்றடி வரை நடத்திக் காட்டினாள். அந்த மூங்கிலில் இப்போது அவரைப் பந்தல் நிற்கிறது. இத்தனையும் ஜெயித்த கன்னியம்மாள், வெயில் ஏறுமுன் திருத்தணியில் யாராவது ஒருவர் வீட்டுக் கொல்லையில் குனிந்து, துவைகல்லைச் சுற்றிப் படிந்த பாசியைச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

தள்ளாதவர்களை வீட்டுக்குள் விழாமல் நடமாட வைப்பது அவள் பிழைப்பு. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டாள், தரையைப் பார்ப்பாள். ஓரம் சுருண்ட பாய், வழியில் உருண்டு கிடக்கும் உலக்கை, சாணம் மெழுகிக் காயாத மூலை, எதுவும் அந்த ஒற்றைக் கண்ணுக்குத் தப்பாது. அவள் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சோறுகூட நின்றபடிதான். "செத்த நேரம் குந்தேன்டி" என்றால், "நான் குந்திக்கினா அவங்க எழுந்துடுவாங்களே" என்பாள்.

அண்ணன் தேசப்பன் பாத்திரக் கடையில் பேர் வெட்டுபவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தாலும் ஓர் எழுத்துக் கோணியதில்லை. தங்கையின் சொம்பில் அவள் பெயரை உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியவர் அவர்தான். அந்தச் சொம்பு இல்லாமல் அவள் எந்த வீட்டுக்கும் போவதில்லை. வேலை இல்லாத நேரத்திலும் விரல்கள் சும்மா இருக்காது. பெயரின் புள்ளிகள்மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

வக்கீல் குமாஸ்தா கங்காதரனின் தகப்பனார் சிவப்பிரகாசம், ஏர் பிடித்து உரம் ஏறிய உடம்பு. கொல்லைக் கதவின் வாசற்படியில் விழுந்தார். மஞ்சள் குங்குமம் வைத்த படி. மிதித்தால் லட்சுமி போய்விடுவாள். மிதிக்காமல் தாண்டக் காலைத் தூக்கினார், கால் எழும்பவில்லை. இடுப்பு எலும்பு தப்பியது பெரிய விஷயம். இனி எல்லாம் கட்டிலில்தான் என்று மகன் மண்சட்டி வாங்கி வந்தான். "கட்டில்லயே எல்லாம்னா எனக்குக் கஞ்சியும் வாணாம்" என்று கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். வாயில் ஒன்றும் இறங்காமல் அவர் வாடத் தொடங்கிய பிறகுதான் கன்னியம்மாளைக் கூப்பிட்டார்கள்.

"பொம்பள கையப் புடிச்சி நடக்க நான் இன்னா கொழந்தயா?" என்று அவர் சீறினார்.

அவருடைய துண்டையே முறுக்கி அவர் இடுப்பில் கட்டி, முனையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். "உங்கள யாரு நைனா புடிச்சாங்க? துண்டு பறந்துடாம நான் புடிச்சிக்கினு வரேன்."

எழுந்திருப்பதற்கும் அவளிடம் ஒரு முறை உண்டு. காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, தணிகை முருகனின் ஆறு முகத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துச் சொன்ன பிறகுதான் எழ வேண்டும். அதற்குள் தலைச்சுற்றல் அடங்கிவிடும். பிறகு மூக்கை முட்டிக்கு நேரே கொண்டுவந்து எழ வேண்டும். அவசரக்காரர் பாதியில் எழப் பார்ப்பார். "மூணு மொகம் பாக்கி வச்சிட்டீங்க, குந்துங்க" என்று துண்டை இழுப்பாள்.

கட்டிலிலிருந்து கதவு வரை வந்தாயிற்று. படிதான் பாக்கி. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று செங்கல்லும் மண்ணும் குழைத்து, சரிவாக ஏறிப் படியின் உயரத்துக்கே வரும் இரண்டு மேடு கட்டினாள்.

கங்காதரன் பார்த்துவிட்டுக் குதித்தான். "இன்னாம்மா இது, வாசப்படிக்குச் சமாதி கட்டிக்கினு இருக்கிற?"

"மிதிக்கவும் வாணாம், எகிறவும் வாணாம். இந்த மேட்டுல ஒரு காலு, அந்த மேட்டுல ஒரு காலு. லட்சுமி நடுவுல பத்திரமா இருக்கட்டுங்க."

அவன் எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புகிறவன். சாட்சி நிற்கத் தேசப்பனுக்கு ஆள் அனுப்பினான். அவர் வந்தபோது காகிதம் தயாராக இருந்தது: தகப்பனார் மறுபடி விழுந்தால் கன்னியம்மாளே பொறுப்பு. அதில் அவள் ஒப்பம் வைக்காவிட்டால் மேட்டை இடித்துவிடுவானாம்.

தேசப்பன் படித்துவிட்டுத் தங்கையின் காதோரம் குனிந்தார். "வாணாம்மா. விழுந்துட்டாருன்னா இந்த ஊர்ல ஒரு ஊட்டுக் கதவும் உனக்குத் தொறக்காது."

"நான் கையெழுத்து போட்லன்னா இவரு கட்டில்லயே போயிடுவாருண்ணா. காயிதத்தப் புடி."

கிழவர் ஆறு முகமும் சொல்லி எழுந்து, உள்மேட்டில் ஏறி நின்றுவிட்டார். துண்டின் முனை அவள் இடது கையில் இறுகியிருந்தது. கங்காதரன் மை டப்பியைத் திறந்து அவள் கட்டைவிரலுக்காகக் கை நீட்டினான்.

"கைநாட்டு வாணாங்க. பேனாவக் குடுங்க."

தேசப்பன் கதவோடு காகிதத்தை அழுத்திப் பிடித்தார். கண்ணைக் கிழவரின் பாதத்திலிருந்து எடுக்காமலே அவள் வைக்கத் தொடங்கினாள்: ஒரு புள்ளி, அதன் பக்கத்தில் ஒரு புள்ளி. கங்காதரன் சிரித்தான். "இன்னாம்மா, கோலமா போடற?"

தேசப்பன் சிரிக்கவில்லை. புள்ளிகள் கூடி அவர் வெட்டிய எழுத்தாகவே வந்துகொண்டிருந்தன. வளைவு தவறவில்லை, கடைசி எழுத்தின் தலைப் புள்ளிகூட விட்டுப்போகவில்லை.

"பன்னெண்டு மொகம் ஆயிப்போச்சி, இன்னும் எவ்ளோ நேரம் நிக்கறது?" என்றார் சிவப்பிரகாசம்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். "இப்ப வைங்க நைனா."

கால் எழுந்தது, மஞ்சள் படியைத் தொடாமல், அந்தப் பக்கத்து மேட்டில் இறங்கியது. மற்றக் காலும் போய்ச் சேர்ந்தது. அவள் துண்டைத் தளர்த்தாமல் பின்னாலேயே வெயிலுக்குள் போய்விட்டாள்.

காகிதத்தை மடிக்கப்போன கங்காதரனைத் தேசப்பன் தடுத்தார். தேதி விட்டுப்போயிருந்தது. பேனாவை வாங்கி, ஈரம் காயாத அந்தப் புள்ளிகள் கலையாமல், கீழே எழுதினார்: 8-7-1946.