பத்து எண்ணும் வரை

மில் முதலாளிக்குப் படம் பிடிக்கும் கிறுக்கு வந்தபோது, படப்பெட்டியும் சாமானும் சுமக்க இரண்டு கழுதைகள் தேவைப்பட்டன. ஒன்று நான். இன்னொன்று என் தங்கச்சி புருஷன். பஞ்சு மூட்டை தூக்குகிறவர்களில் எங்கள் முதுகுதான் அகலம் என்று முதலாளியே பொறுக்கினார். பிறந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான்.

பொள்ளாச்சி தாண்டி ஆனைமலை ஏறி, மூன்றாம் நாள் ஒரு பள்ளத்தாக்கின் விளிம்புக்குப் போனோம். இருபுறமும் புல் போர்த்த மலை. நடுவில் பால் பொங்கின மாதிரி மேகம். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ, இத்தனை புல்லைப் பார்த்தால் எங்கள் காங்கேயம் மாடுகள் அழுதுவிடுமே என்று மட்டும்தான் தோன்றியது.

அன்று காலையிலேயே மாப்பிள்ளை என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

“மச்சா, காச்சலாட்ட ஒடம்பு நடுங்குதுங்க. நான் முன்னால எறங்கிப் போறேன். மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க.”

படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. மாப்பிள்ளை அதை நம்புகிறவர். மாரியம்மன் நோம்பிக்கு ஒருவன் பெட்டியோடு வந்தபோது வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவர். அதனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏனுங் மாப்ள, பொட்டியப் பாத்து நடுங்கறதுக்குப் பேரு காச்சலுங்களா?”

அதோடு விட்டேனா? முதலாளியிடமும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். மலையின் உயரம் தெரிய வேண்டும், இரண்டு பேரும் அந்தப் பாறைமேல் நில்லுங்கள் என்றார் அவர். வெளிச்சம் கம்மியாம், பத்து எண்ணும் வரை அசையக் கூடாதாம், அசைந்தால் உருவம் கலைந்துவிடுமாம். எனக்கும் பத்துக்கு மேல் எண்ண வராது என்பதால் நியாயமாகத்தான் பட்டது. பல்லைக் காட்டிக்கொண்டு கல்லாட்டம் நின்றேன்.

பெட்டியை மூடின பிறகும் மாப்பிள்ளையின் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. கையைத் தொட்டேன். அனலாகச் சுட்டது.

பெட்டியை முதலாளியே தூக்கினார். நான் மாப்பிள்ளையைத் தூக்கினேன். இரண்டு நாள் இறங்கினோம். முதல் நாள் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். மறுநாள் கேட்கவில்லை. அடிவாரம் வரும்போது முதுகில் கனம் கூடியிருந்தது. ஊர் வரை தாங்காது என்று அங்கேயே புதைத்தோம். மேலே போர்த்தியது படப்பெட்டியின் கறுப்புத் துணி.

அவர் முகத்தைக் கடைசியாக ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்று தங்கச்சி அழுததால், முதலாளியிடம் கேட்டு அந்தப் படத்தை வாங்கி வந்தேன். வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மலை, புல், பாறை எல்லாம் துல்லியம். என் பல் ஒவ்வொன்றும் தெரிந்தது. பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு புகை.

“அவரு எங்கீங்ணா?” என்றாள்.

புகைமேல் விரல் வைத்துக் காட்டினேன். அவள் விரல் புகையைத் தடவிவிட்டு என் பல்வரிசைமேல் வந்து நின்றது.

“நீங்க துளிகூட அசையலையாட்ட இருக்குதுங்ணா” என்றாள்.