ஷமீமா திருத்திய அறிக்கை

போன செவ்வாய்க்கிழமை காலை உப்பளம் மைதானத்தில் நடைப்பயிற்சியின் மூன்றாவது சுற்றில் இருந்தபோது, நீதிமன்றத்தில் என்னிடம் எழுத்தராக இருந்த கலியபெருமாள் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"சார், ஆய்வுக்கூடத்து ஷமீமா மேடம் தவறிட்டாங்க. விடியக்காலைல. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்னு சொல்றாங்க."

நான்காவது சுற்றையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்பினேன். நின்றிருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

அவரோடு வேலை பார்த்த பலர் இதைப் படிப்பீர்கள். அன்று மாலை கபர்ஸ்தானுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தபோது, எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொன்னோம்: நேர்மையானவர். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. பொய் சொல்லாதவரைக்கூட நேர்மையானவர் என்றுதான் சொல்கிறோம். ஷமீமா அதற்கு மேல் ஒன்று செய்தார். நான் அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் தடுக்கவும் பார்த்தேன்.

நான் இருபத்தாறு ஆண்டுகள் இந்த ஊரில் அரசு வழக்கறிஞராக இருந்தவன். ஷமீமா நஞ்சு ஆய்வாளர். சந்தேக மரணங்களில் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவர் உள்ளுறுப்பு மாதிரிகளைப் பாட்டிலில் அடைத்து, முத்திரை வைத்து அனுப்புவார். அதில் விஷம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது இவர் வேலை. பிறந்து வளர்ந்ததெல்லாம் முல்லா வீதியில், கயிறு வியாபாரம் செய்த குடும்பத்தில்.

அவரை எனக்கு ஆரம்பத்தில் பிடிக்காது. முதல் முறை அவர் சாட்சி சொல்ல வந்த அன்று, தாழ்வாரத்தில் உட்கார்ந்து வழக்கின் விவரத்தைச் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"கதைய எனக்குச் சொல்லாதீங்க சார். கேட்டா எனக்கும் கோவம் வரும். கோவத்தோட கூண்டுல ஏறக் கூடாது."

கூண்டில் ஏறிய பிறகு, "இந்த விஷத்தால்தான் அவர் இறந்தார், இல்லையா?" என்று கேட்டேன். விஷம் இருந்தது, அதனால்தான் இறந்தாரா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள் என்று பதில் வந்தது. வெளியே வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஒரு 'ஆமா' சொன்னா என்ன குறைஞ்சிடும் மேடம்?" என்றேன். "இன்னிக்கு ஒண்ணு சொல்லிட்டா, நாளைக்கு என் எல்லை எதுன்னு எனக்கே தெரியாம போயிடும்" என்றார். அந்த வழக்கில் எப்படியோ தண்டனை வாங்கிவிட்டேன். ஆனாலும் அவர் மேல் எனக்கிருந்த எரிச்சல் போகவில்லை.

அஞ்சலையின் வழக்கு அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. அஞ்சலை நம் கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர், மீன் விற்பவர். ஒரு நாள் பகலில் சாப்பிட்டுப் படுத்த அவர் கணவர் எழுந்திருக்கவில்லை. முந்தின நாள்தான் இருவருக்கும் தெருவே பார்க்கச் சண்டை நடந்திருந்தது. மருமகள்தான் குழம்பில் எதையோ கலந்துவிட்டாள் என்று மாமியார் புகார் கொடுத்தார். மாதிரி ஆய்வுக்கு வந்தது. பூச்சிமருந்து இருந்ததாக அறிக்கை சொன்னது. கீழே ஷமீமாவின் கையெழுத்து. அஞ்சலை இரண்டு முறை ஜாமீன் கேட்டார். இரண்டு முறையும் அந்த அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்த்தவன் நான்.

ஏழு மாதம் கழித்து, சேதராப்பட்டுப் பக்கத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு தொழிலாளி, தண்ணீர் என்று நினைத்துப் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு மருத்துவமனையில் இறந்திருந்தார். மருத்துவர்கள் விஷத்துக்குத்தான் சிகிச்சை கொடுத்திருந்தார்கள். ஆனால் உங்கள் அறிக்கை விஷம் இல்லை என்கிறதே, எப்படி என்று காவல் நிலையம் கேட்டிருந்தது.

அந்தக் கடிதத்துக்கும் அஞ்சலைக்கும் தொடர்பு இருக்கிறது என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஷமீமா பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். இரண்டு மாதிரிகளும் ஒரே நாளில் வந்தவை. எண்கள் அடுத்தடுத்தவை. இரண்டையும் ஒரே பிற்பகலில், ஒரே மேசையில் திறந்திருந்தார். நோட்டோடும் அந்தக் கடிதத்தோடும் நேராக என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், அஞ்சலை வீட்டுக்காரர் உடம்புல விஷம் இல்ல. நான் பாத்தது அந்தத் தொழிலாளியோட மாதிரி. பாட்டில் சீட்டு மாறிப்போச்சு. மாத்தினது நான்தான்."

"நல்லாத் தெரியுமா?"

"எனக்குத் தெரியும். கோர்ட்டுக்கு அது போதாது. ரெண்டு மாதிரியிலயும் பாதி இன்னும் முத்திரையோட குளிர்பெட்டில இருக்கு. வெளியூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதப் போறேன். நான் அதைத் தொடக் கூடாது."

நான் அப்போது சொன்னதை இங்கே மறைக்க விரும்பவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் சொன்னேன்: "மேடம், நாளாயிட்டா மருந்து சிதைஞ்சிடலாம்னு ஸ்டேஷனுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. அது ஒண்ணும் பொய் இல்லையே. அஞ்சலை கேஸ நான் வேற வழியா பாத்துக்கறேன். எதுக்கு உங்க பேரக் கெடுத்துக்கிறீங்க?"

அவர் நோட்டில் அந்த நாளின் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அந்த வரி பொய் இல்லதான் சார். ஆனா நான் எழுதினா பொய் ஆயிடும்." பிறகு நோட்டை மூடிக்கொண்டே சொன்னார்: "ஏழு மாசமா அந்தப் பொண்ணு உள்ள இருக்கறது என் கையெழுத்தாலதான்."

மறுநாள் அவர் எழுதிய கடிதத்தை நான்தான் நீதிமன்றத்தில் கொடுத்தேன். அரசு அலுவலகங்களில் நமக்கெல்லாம் பழக்கமான நடை ஒன்று உண்டு. தவறு 'நேர்ந்துள்ளது' என்று எழுதுவோம், மழை பெய்ததைச் சொல்வதுபோல. ஷமீமா 'தவறு செய்துள்ளேன்' என்று எழுதியிருந்தார். நீதிபதி அவரை அழைத்து விசாரித்தபோது, "வேலைப்பளுவினால் நேர்ந்ததா?" என்று பரிவோடு கேட்டார். தப்பித்துக்கொள்ள அது நல்ல வழி. ஷமீமா அந்தப் பக்கம் போகவில்லை.

"வேலை அதிகம்தான் ஐயா. ஆனா ஒண்ண முடிச்சு மூடாம அடுத்தத திறக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. சீக்கிரம் முடிக்கலாம்னு ரெண்டையும் ஒண்ணா திறந்தேன். அது நான் எடுத்த முடிவு."

வெளியூரிலிருந்து முடிவு வந்தது. கணவர் உடலில் விஷம் இல்லை. இதயக் குழாய் அடைத்திருந்ததைப் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் முதலிலேயே குறித்து வைத்திருந்தார். விஷ அறிக்கை வந்த பிறகு அந்த வரியை யாரும் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை. அஞ்சலை விடுதலை ஆனார். ஷமீமா மேல் துறை விசாரணை நடந்தது. வர வேண்டிய பதவி உயர்வு பல ஆண்டுகள் நின்றுபோனது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒரு மாதம் கழித்து ஷமீமா தொலைபேசியில் கூப்பிட்டார். "அஞ்சலைய பாக்கப் போறேன். நீங்களும் வாங்க. ஜாமீன் குடுக்கக் கூடாதுன்னு சொன்னது நீங்கதான?"

பெரிய மார்க்கெட்டில், மீன் விற்கும் பகுதியில் அஞ்சலை சங்கரா மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தார். ஷமீமா தன் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டார். அஞ்சலை மீனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இங்க வந்து என்கிட்ட சொல்றீங்க. எனக்குத்தான் தெரியுமே நான் விஷம் வைக்கலன்னு. ஊர்ல இன்னும் எம் பசங்களுக்குத் தண்ணி குடுக்க மாட்றாங்க. காச குடுத்து வெளிய வந்துட்டேன்னு பேசறாங்க. அங்க வந்து சொல்லுவீங்களா?"

"வரேன்" என்றார் ஷமீமா. "என்னிக்கு வரட்டும்?"

அடுத்த ஞாயிறு பகல், அந்தக் கிராமத்தின் அம்மன் கோயில் எதிரே ஊர் கூடியிருந்தது. பஞ்சாயத்தார் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் முன்வரிசையில், மணலில். ஷமீமா தீர்ப்பின் நகலைப் படித்தார். பிறகு அதை மடித்துவிட்டு, சாதாரணமாகப் பேசினார்: "உங்க பையன் நெஞ்சுவலில செத்தாரும்மா. யாரும் ஒண்ணும் கலக்கல. நான் பாட்டில மாத்திட்டு, கலந்ததா எழுதிட்டேன். உங்க மருமக சொன்னதுதான் நெசம்."

கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்: "படிச்சவங்கதான? கண்ணு தெரியலையா?"

"கண்ணு தெரிஞ்சுது. அவசரப்பட்டுட்டேன்."

திட்டுவதற்கு வாகாக அவர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. நானும் எழுந்தேன். இரண்டு முறை ஜாமீனை எதிர்த்தவன் நான், மருத்துவர் எழுதியிருந்ததைப் படிக்காமல் எதிர்த்தேன் என்று சொன்னேன். மாமியார் அழுதார். மருமகளிடம் எதுவும் பேசவில்லை. ஆனால் எழுந்து போகும்போது பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் கையைப் பிடித்து அழைத்துப் போனார். "இது போதும்" என்று அஞ்சலை எங்களிடம் சொன்னார். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. வண்டியில் திரும்பும்போது ஷமீமா, "அது அவங்க இஷ்டம். நாம அதுக்காகப் போகல" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கூண்டில் ஏறிய எல்லா வழக்குகளிலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் அதையே எடுத்தார்கள். நீங்கள் ஒருமுறை மாற்றிவிட்டீர்கள்தானே? நான் ஆட்சேபிக்க எழுந்தால் அவரே என்னை உட்காரச் சொல்வதுபோல் பார்ப்பார். "ஆமா. அது எப்படி மாறுச்சுன்னும் சொல்றேன். இது ஏன் மாறலன்னும் சொல்றேன்" என்று தொடங்கி, மாதிரி வந்த நேரத்திலிருந்து ஒவ்வொரு படியாகச் சொல்வார். சில மாதங்களில் அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள். கேட்டால் தங்கள் கட்சிக்காரருக்குத்தான் நட்டம் என்று புரிந்துவிட்டது. தவறை ஒப்புக்கொண்டால் சாட்சியின் மதிப்பு போய்விடும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அது சரியில்லை என்று என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியும். இந்த ஊர் நீதிமன்றங்களில் ஷமீமாவின் அறிக்கைக்கு இருந்த மதிப்பு வேறு எதற்கும் இருந்ததில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று இந்த ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை. ஆனால் ஓய்வு பெறும் ஆண்டில் ஒரு திருட்டு வழக்கில் ஜாமீனை எதிர்த்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, கோப்பை முழுவதும் படித்தேன். நான் சொன்ன நேரமும் சாட்சி சொன்ன நேரமும் ஒத்துவரவில்லை. மறுநாள் காலை, யாரும் கேட்காமல் எழுந்து நின்று, "நேற்று நான் தவறாகச் சொன்னேன் ஐயா, என் ஆட்சேபணையைத் திரும்பப் பெறுகிறேன்" என்றேன். நீதிபதி தலையசைத்துக் குறித்துக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். அடுத்த வழக்கை அழைத்தார்கள்.