லீவ் அப்ரூவ்டு

அபுதாபி முசஃபாவில் நான் வேலை பார்க்கும் கம்பெனி இரும்புத் தொட்டிகளும் குழாய்களும் செய்து கொடுக்கிற இடம். வெளியே வெல்டிங் பொறி பறந்துகொண்டிருக்கும். நான் ஏசி அறையில் கம்ப்யூட்டர்களோடு இருப்பேன். அப்போது ஐடி பிரிவில் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் எனக்கு மேலதிகாரியாக வந்த ஆஸ்திரேலியாக்காரர்.

ஐம்பதைத் தாண்டியவர். ஆபீசுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு வருகிற ஒரே அதிகாரி. வந்த இரண்டாம் மாதமே பாதி மேஜைகளில் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டார். "சமையலறைக்குள் எட்டிப்பார்க்க விடாத ஓட்டலில் சாப்பிடுவாயா? உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று காட்டாத சாஃப்ட்வேரை மட்டும் எப்படி நம்புகிறாய்?" என்று கேட்பார். தன் லேப்டாப் கேமராவின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். ஆன்டிவைரஸ் என்றால் சிரிப்பார். குப்பைக்குப் போகவேண்டிய பழைய மெஷின்கள்கூட அவர் கைபட்டதும் வேகமாக ஓடின. பிரிண்டர் வேலை செய்யவில்லை, எக்செல் எங்கே போனது என்று புலம்பிக்கொண்டு வருகிற கிளார்க்குகளை அவர் முட்டாள்கள் என்று சொல்வார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். அவர் பக்கத்தில் நின்று சிரிப்பதில் எனக்கொரு பெருமை இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவருடைய எல்லாக் கருத்துகளுக்கும் அடியில் ஒரே கருத்துதான் இருந்தது. மெஷினில் இருக்கிற ஓட்டையை அடைத்துவிடலாம், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவனை அடைக்க முடியாது. "அவனுக்கு ஒருதரம் வலிக்க வேண்டும். வலித்தால்தான் படிப்பான்" என்பார்.

அப்படித்தான் ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார். ஊழியர்களுக்குப் பொய் மெயில் ஒன்று அனுப்பப்போவதாகவும், அதை நம்பி யார் பாஸ்வேர்டு கொடுக்கிறார்கள் என்று பார்க்கப்போவதாகவும் சொன்னார். பல கம்பெனிகளில் நடக்கிற சோதனைதான்.

"இங்கே இருக்கிறவர்களை உனக்குத்தான் தெரியும். யோசிக்காமல் கையை நீட்ட வைக்கிற விஷயம் எது?"

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "லீவ்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "நீயே எழுது" என்றார்.

அதை எழுதும்போது என் மனதில் ஒருவன் இருந்தான். எங்கள் டைம்கீப்பர். சிவகங்கைப் பக்கத்துக்காரன். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணி நேரம் ஓவர்டைம் என்று கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவன் வேலை. மத்தியானம் என்னோடுதான் சாப்பிடுவான். அவன் அப்பாவுக்கு வாயில் புற்றுநோய். நாக்கை எடுத்தாக வேண்டும் என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டார். அவரோ, மகன் வராமல் ஆபரேஷன் வேண்டாம் என்று இரண்டு தடவை நாள் தள்ளிவிட்டார்.

"நாக்க எடுக்குறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு விசயம் சொல்லணுமாம்ணே. போன்ல சொல்லுங்கப்பான்னா, போன்ல சொல்ற விசயமில்லடாங்கிறாரு" என்று சோற்றைப் பிசைந்தபடி சொன்னான். அவன் எமர்ஜென்சி லீவ் கேட்டு இரண்டு தடவை எழுதி, இரண்டும் திரும்பி வந்திருந்தது.

நான் அந்த மெயிலில் 'எமர்ஜென்சி லீவ்' என்றே போட்டேன். எச்ஆர் பிரிவு பயன்படுத்துகிற எழுத்து, லோகோ, கீழே வருகிற வரி எல்லாம் அப்படியே. 'உங்கள் விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்டது. உறுதிசெய்ய இங்கே உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்கவும்.' ஆஸ்திரேலியாக்காரர் படித்துவிட்டு என் தோளில் தட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை மெயில் போனது. பத்து மணிக்குள் டைம்கீப்பர் என் அறைக்கு ஓடி வந்தான்.

"அண்ணே, வந்துருச்சுண்ணே! லீவு குடுத்துட்டாய்ங்க! வீட்டுக்குப் போனடிச்சுச் சொல்லிட்டேன். அப்பா அழுதுட்டாருண்ணே. ஆஸ்பத்திரிக்குத் தம்பியப் போகச் சொல்லிருக்கேன், நாள் வாங்க."

என் வாயில் உண்மை வரவில்லை. முடிவு வெளியாகும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்பது உத்தரவு. அதை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டேன். "நல்லதுடே" என்று மட்டும் சொன்னேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை மீட்டிங் ஹாலில் எல்லோரையும் கூட்டினார்கள். போர்மேன்கள், கிளார்க்குகள், ஸ்டோர் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். துபாய் ஆபீசிலிருந்து எச்ஆர் பெண்மணியும் வந்திருந்தார். ஆஸ்திரேலியாக்காரர் திரையில் ஒரு பட்டியலைப் போட்டார். பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தன. ஏமாந்தவர்கள் கொடுத்த பாஸ்வேர்டுகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. ஒரு வரி மூன்று தடவை வந்திருந்தது. யாரோ ஒருவர் விடாமல் மூன்று தடவை அடித்திருக்கிறார். ஒரு ஆள் பெயர், பக்கத்தில் ஒரு எண்.

"யே கோன் ஹே பாய்?" ஒரு பட்டாணிய போர்மேன் அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்து, இது யார் என்று இந்தியில் கேட்டார்.

டைம்கீப்பர் பின்வரிசையில் எழுந்து நின்றான். யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. "எங்கப்பா பேரு சார்" என்று தமிழில் சொன்னான். லீவே பொய் என்று அப்போதும் அவனுக்குப் புரியவில்லை. கையைத் தூக்கி, உடைந்த ஆங்கிலத்தில் கேட்டான்: "சார், மை லீவ்?"

ஹால் முழுக்கச் சிரித்தது. ஆஸ்திரேலியாக்காரர் சிரிக்கவில்லை. "லீவ் எதுவும் இல்லை. அதுதான் பாடம்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

அதற்குப்பின் ஒர்க்‌ஷாப்பில் அவனைப் பார்த்தவன் எல்லாம் "க்யா பாய், லீவ் மில் கயா?" லீவ் கிடைத்துவிட்டதா என்று கேலியாகக் கேட்க ஆரம்பித்தான். ஏமாந்தவர்களுக்கு மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். தெரியாத லிங்க்கைத் தொடாதே; ஆசை காட்டுகிற மெயிலை நம்பாதே; அவசரப்படுத்தினால் சந்தேகப்படு. பாடம் எடுத்தது நான்தான். அவன் முதல் வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டான். ஊரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. இனித் தள்ளினால் கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். மகன் வரமாட்டான் என்று அப்பாவிடம் சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியமில்லை.

அடுத்த புதன்கிழமை அவன் என் அறைக்கு வந்தான். கதவருகே நின்று, யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, மறுபடி அனுப்பிருக்காய்ங்க. அதே மாதிரி. எமர்ஜென்சி லீவுன்னு. ரெண்டு நாளைக்குள்ள லிங்க்க அமுக்கணுமாம்."

அவன் போனை எட்டிப் பார்த்தேன். அதே எழுத்து, அதே லோகோ. ஏமாந்தவர்களை எனக்கும் சொல்லாமல் இரண்டாம் தடவை சோதிப்பேன் என்று ஆஸ்திரேலியாக்காரர் சொல்லியிருந்தார். அதுதான் என்று முடிவு செய்தேன். பக்கத்து அறையில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துபாய்க்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.

"ஒரு தடவ பட்டது போதாதாடே? தொடாத. ரிப்போர்ட் அடிச்சிட்டு அழிச்சிரு" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவனும் சிரித்தான். பல நாளுக்குப்பின் சிரித்தான். "இந்தத் தடவ ஏமாறலண்ணே" என்று சொல்லி, என் கண்முன்னாலேயே அழித்தான். அவன் அனுப்பிய ரிப்போர்ட் என் கணக்குக்கு வந்தது. 'நன்றி, சரியாகச் செய்தீர்கள்' என்று பதில் போட்டு மூடினேன்.

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் பேக்டரியை ஒரு மாதம் நிறுத்திப் பழுது பார்க்கிறார்கள்; அதற்குப் போகிறவர்களின் பட்டியல். டைம்கீப்பர் என்ற இடத்தில் அவன் பெயர். அவன் கடைசியாக ஒருதரம் கெஞ்சிப் பார்க்கலாம் என்று என் அறைக்கு வந்து, எச்ஆர் பெண்மணிக்கு ஸ்பீக்கரில் போன் செய்தான்.

"உனக்குத்தான் போன வாரமே லீவ் கொடுத்தேனே?" என்றார் அவர். மீட்டிங்கில் அவன் நின்ற கோலத்தைப் பார்த்து மனசு கேட்காமல், தானே மேலிடத்தில் பேசி வாங்கியிருக்கிறார். "நீ உறுதிசெய்யவில்லை. வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தேன்."

அவன் போனை என் மேஜைமேல் வைத்தான். ஸ்பீக்கரில் அவர் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தார். நான் ப்ராஜெக்ட் மேனேஜரிடம் ஓடினேன். கேட் பாஸ் எல்லாம் எடுத்தாகிவிட்டது, இனி ஆளை மாற்ற முடியாது, கலாஸ், முடிந்தது என்று கையை உதறிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் பஸ்ஸில் ராஸ் அல் கைமா போனான். புதன்கிழமை மதுரையில் அவன் அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். ஃப்ளைட் லேட், மகன் வந்துகொண்டே இருக்கிறான் என்று பொய் சொல்லித்தான் கொண்டுபோனார்களாம்.

அதே வார ரிப்போர்ட்டில் ஆஸ்திரேலியாக்காரர், ஒருமுறை ஏமாந்து பிறகு திருந்திய ஊழியருக்கு உதாரணமாக டைம்கீப்பரைக் குறிப்பிட்டு எல்லோருக்கும் மெயில் அனுப்பியிருந்தார். நான் அவர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"வருத்தமான விஷயம். ஆனால் அவன் செய்தது சரி. மெயிலில் லிங்க் அனுப்பியது எச்ஆர் தவறு" என்றார். அன்றைக்கே இனி எச்ஆர் லிங்க் அனுப்பக்கூடாது என்று விதி எழுதினார். அவர் சொன்னதில் ஒரு பிழைகூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் கழுத்தைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது. பிடித்திருந்தால், அந்த மெயிலை எழுதிய கையால்தான் பிடித்திருப்பேன்.

வேலை முடிந்து அவனுக்கு லீவ் கிடைத்தது. போய்விட்டு ஒன்றரை மாதத்தில் திரும்பினான். மத்தியானம் சாப்பிடும்போது, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"இருக்காருண்ணே. குழாய் வழியாத்தான் கஞ்சி. என்னப் பாத்ததும் கையப் புடிச்சுக்கிட்டு என்னமோ சத்தம் போட்டாரு. வயலப் பத்தியான்னு அம்மா கேட்டுச்சு. இல்லன்னு தலைய ஆட்டுறாரு. தங்கச்சியப் பத்தியான்னா, அதுவும் இல்ல. எழுதிக் காட்டவும் தெரியாது, கைநாட்டு. நாலு நாளு ஆளுக்கொன்னாக் கேட்டோம். தப்பாச் சொல்லச் சொல்லக் கோவம் வந்து கஞ்சிக் கிண்ணத்தத் தூக்கி எறிஞ்சாரு. அப்புறம் அவரே விட்டுட்டாருண்ணே."

சாப்பாட்டை மூடி வைத்தேன். அவன் கை கழுவிவிட்டு வந்து கேட்டான்.

"அண்ணே, அந்த மொத மெயில யாரு எழுதுனா?"

"அந்த வெள்ளக்காரன்தான்" என்றேன்.

"நெனச்சேன். நம்ம ஊர்க்காரன் எவனும் எழுதிருக்க மாட்டான்" என்றான்.

ஆஸ்திரேலியாக்காரர் மறுவருஷம் கத்தார் போய்விட்டார். அவர் நாற்காலியில் இப்போது நான் இருக்கிறேன். சோதனை மெயில்களை மூன்று மாதத்துக்கொருமுறை நான்தான் அனுப்புகிறேன். டைம்கீப்பர் எந்த மெயிலையும் தானாகத் திறப்பதில்லை. போனை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வருவான்.

"பாருங்கண்ணே, இது நெசமா?"

பார்த்துச் சொல்கிறேன். நான் சொல்வதை அவன் நம்புகிறான்.